வலித்துப் போகும் வயிற்றுக்குச் சீன மூலிகை: எது, எவ்வளவு, எத்தனை நாள்

கேள்வியின் சுருக்கம் இது: வயது 34, சிங்கப்பூரில் அலுவலக வேலை. ஐந்து ஆண்டாகக் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் மூன்று நான்கு முறை கழிவறைக்குப் போக வேண்டியிருக்கிறது. முதலில் அடிவயிறு பிடித்து வலிக்கும், மலம் இளகிப் போகும், போய் வந்ததும் வலி தணியும். மீட்டிங் உள்ள நாளில் இன்னும் மோசம். கொலோனாஸ்கோபியில் ஒன்றும் இல்லை. ஐபிஎஸ் (சோதனையில் ஒன்றும் தெரியாமலே வலியும் பேதியும் தரும் எரிச்சல் குடல் கோளாறு) என்று சொல்லி, குடல் பிடிப்பைத் தளர்த்தும் மெபெவெரின் மாத்திரை கொடுத்தார்கள், பாதிப் பலன்தான். சீன மருந்துக் கடையில் ஒரு பொடி நன்றாகக் கேட்கிறது, வாங்கித் தருகிறேன் என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். வாங்கலாமா?

பெயர் தெரியாத பொடியை வாங்காதீர்கள். ஆனால் நீங்கள் சொல்லும் குறிகளுக்கென்றே சீன மருத்துவத்தில் நான்கு மூலிகை சேர்ந்த ஒரு பழைய கூட்டு இருக்கிறது. பதிவு பெற்ற சீன மருத்துவரிடம் போய், எட்டு வாரம் என்று கெடு வைத்து அதை முயன்று பார்ப்பது நியாயமானதுதான்.

அதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கொலோனாஸ்கோபி சுத்தமாக இருப்பது நல்ல செய்தி, ஆனால் அது எல்லாவற்றையும் பார்க்காது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், அழற்சியைக் காட்டும் சிஆர்பி, தைராய்டு, கோதுமைப் புரதத்தால் குடல் கெடும் சீலியாக் நோய்க்கான டிடிஜி ஆன்டிபாடி ஆகியவையும், மலத்தில் குடல் அழற்சியைக் காட்டும் கால்புரோடெக்டினும் ஒட்டுண்ணிகளும் பார்த்தாகிவிட்டதா என்று கேளுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்குக் காலைப் பேதி அந்த மாத்திரையாலேயே வரலாம். பித்தப்பை எடுத்தவர்களுக்குப் பித்த அமிலம் பெருங்குடலில் இறங்குவதால் பேதி வரலாம். பால் ஒத்துக்கொள்ளாமை நம்மவர்களிடம் சாதாரணம், காலை டீயை இரண்டு வாரம் பாலில்லாமல் குடித்தாலே ஓரளவு தெரிந்துவிடும். இவற்றில் எதற்கும் மூலிகை பதில் ஆகாது. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, காய்ச்சல், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் பேதி, குடும்பத்தில் குடல் புற்றுநோய், ஐம்பதை நெருங்கும் வயதில் புதிதாகத் தொடங்கிய தொல்லை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மீண்டும் குடல் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

இனி மூலிகைக்கு வருவோம். சீன மருத்துவர் ஐபிஎஸ் என்ற பெயருக்கு மருந்து எழுதமாட்டார். வலித்துப் போவது, விடியலுக்கு முன் போவது, எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டதும் போவது, வறண்டு இறுகுவது ஒவ்வொன்றும் அவருக்கு வேறு வேறு கோளாறு, வேறு வேறு கூட்டு. கடையில் ‘வயிற்றுக்கு’ என்று பொதுவாகக் கேட்டு வாங்கியது பலரிடம் பலிக்காமல் போவதற்கு முதல் காரணம் இதுதான்.

உங்கள் வகைக்கான கூட்டின் பெயர் தோங் சியே யாவ் ஃபாங். ஜெஜியாங் மாகாணத்து யீவூவில் பிறந்த சூ தான்சி (1281–1358) என்ற மருத்துவரின் பாடங்களைத் தொகுத்த நூலில் இது இருக்கிறது. 1584-இல் வூ குன் என்ற உரையாசிரியர் இதற்குக் கொடுத்த விளக்கத்தைத்தான் இன்றைக்கும் கல்லூரிகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள்: பேதிக்கு மண்ணீரல் பொறுப்பு, வலிக்குக் கல்லீரல் பொறுப்பு, மண்ணீரல் நலிந்து கல்லீரல் மிஞ்சும்போது வலித்துப் பேதியாகும். இங்கே மண்ணீரல் என்பது செரிமானத்தின் ஒட்டுமொத்த வலிமை. கல்லீரல் என்பது உடலிலும் மனத்திலும் ஓட்டம் தடைப்படாமல் இருப்பது. கோபமும் கவலையும் அழுத்துவது அதைத்தான் என்பது அவர்கள் கணக்கு. உங்கள் ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் முற்றிலும் சரியாக இருந்தாலும் அந்த மருத்துவர் இப்படித்தான் பேசுவார், பயப்பட வேண்டாம்.

இந்த விளக்கம் நவீன வரையறைக்கு எவ்வளவு அருகில் வருகிறது என்பது கவனிக்கத்தக்கது. 1978-இல் பிரிட்டனில் மேனிங் குழு வகுத்த ஐபிஎஸ் குறிகளில் முக்கியமான ஒன்று, மலம் போனதும் வலி தணிவது. சர்வதேச நிபுணர்கள் 2016-இல் வகுத்த ரோம் நான்காம் வரையறையும், மூன்று மாதமாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி வேண்டும், அதோடு மலம் போவதோடு வலிக்குத் தொடர்பு, போகும் தடவை மாறுவது, மலத்தின் பதம் மாறுவது ஆகிய மூன்றில் இரண்டாவது இருக்க வேண்டும் என்கிறது. வலியே இல்லாமல் வெறுமனே இளகிப் போகிறவருக்கு இந்தக் கூட்டு பொருந்தாது என்று சீன மருத்துவர் சொல்வார். ரோம் வரையறைப்படி அவருக்கு ஐபிஎஸ்ஸே இல்லை.

நான்கு மூலிகைகள் இவை. பாய் ஜு என்பது ஒரு கிழங்கு, கூட்டின் தலைவர் அதுதான். செரிமானத்தைத் தாங்கி ஈரத்தை உறிஞ்சும் என்பார்கள். பாய் ஷாவ் என்பது வெள்ளைப் பியோனிச் செடியின் வேர், பிடிப்பைத் தளர்த்துவது. சென் பி என்பது ஆண்டுக்கணக்கில் பழக வைத்த கமலா ஆரஞ்சுத் தோல், வாயுவுக்கு. ஃபாங் ஃபெங் ஒரு வாசனை வேர், கொத்தமல்லி சீரகக் குடும்பத்தைச் சேர்ந்தது. பாய் ஜுவுக்கும் பாய் ஷாவுக்கும் பேர்போன இடம் சூ தான்சி பிறந்த ஜெஜியாங்கேதான். சென் பிக்கு குவாங்டோங்கின் சின்ஹுய், ஃபாங் ஃபெங்குக்கு வடகிழக்குச் சீனா.

பழைய விகிதம் 3 : 2 : 1.5 : 1. ஒரு நாள் கஷாயத்துக்கு பாய் ஜு 12 கிராம், பாய் ஷாவ் 8, சென் பி 6, ஃபாங் ஃபெங் 4 முதல் 6 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். சீன அரசு மருந்து நூல் தரும் நாளளவு முறையே 6–12, 6–15, 3–10, 5–10 கிராம். வலி முன்னே நிற்கிறவருக்கு பாய் ஷாவை 12, 15 கிராம் வரை ஏற்றி, அதிமதுரமான கான் சாவ் 3 கிராம் சேர்ப்பது வழக்கம். பியோனி வேரும் அதிமதுரமும் சேர்ந்தால் தசைப் பிடிப்பு இறங்கும் என்பது தனி மருந்தாகவே பழக்கத்தில் உள்ள ஜோடி. ஜப்பானில் ஐபிஎஸ்ஸுக்கு வழக்கமாக எழுதப்படும் கெய்ஷிகா ஷாகுயாகுதோவும் இதே எண்ணத்தில் நிற்பது: நாளுக்குப் பியோனி வேர் 6 கிராம், பட்டை 4, இலந்தை வகைச் சீனப் பேரீச்சை 4, அதிமதுரம் 2, சுக்கு 1. அங்கே தேசியக் காப்பீட்டிலேயே இது கிடைக்கிறது.

எடையை விட முக்கியமானது பதம். இதைக் கடையில் கேட்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம். பேதிக்கு வேண்டியது வறுத்த பாய் ஜு. கோதுமைத் தவிட்டோடோ, சுட்ட அடுப்பு மண்ணோடோ வறுத்து மஞ்சள் பழுப்பாக்கியிருப்பார்கள். பச்சை பாய் ஜு இதற்கு நேர் எதிர்த் திசையில் வேலை செய்யும். 30 கிராமுக்கு மேல் பச்சையாகக் கொடுப்பது மலச்சிக்கலுக்கான முறை. பாய் ஷாவும் அப்படித்தான், பச்சையாக அதிகம் போட்டால் மலத்தை இளக்கும், வறுத்தால் அந்தக் குணம் குறையும். “மருந்து குடித்ததும் இன்னும் கூடிவிட்டது” என்று சொல்கிறவரின் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று பச்சைத் துண்டுகள் இருக்கலாம். சீட்டில் பெயருக்கு முன்னால் ‘சாவ்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள், வறுத்தது என்று அதற்குப் பொருள்.

கஷாயம் வைக்கும் முறை. மண், கண்ணாடி, எவர்சில்வர் ஆகலாம். இரும்பும் அலுமினியமும் வேண்டாம், துவர்ப்புச் சத்து உலோகத்தோடு சேர்ந்து கருத்துவிடும். மூலிகையை ஒருமுறை மட்டும் அலசி, இரண்டு விரற்கடை மேலே நிற்கும் அளவு குளிர்ந்த நீரில், 30 கிராமுக்கு ஏறத்தாழ 500 மில்லி, அரை மணி ஊற வைக்க வேண்டும். நேராகக் கொதிநீரில் போட்டால் வேரின் மேற்பரப்பு இறுகி உள்ளே இருப்பது சரியாக இறங்காது. கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி வைத்து 20, 25 நிமிடம். 200 மில்லி அளவுக்கு வந்ததும் வடிகட்டவும். சக்கையில் 350 மில்லி ஊற்றி மறுபடி 20 நிமிடம். இரண்டையும் கலந்து இரண்டு பங்காக்கி, காலை, மாலை சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்து வெதுவெதுப்பாகக் குடிப்பது. கலக்காமல் காலையில் முதல் வடி, மாலையில் இரண்டாம் வடி என்று குடித்தால் ஒரு வேளைக்குக் கனமும் ஒரு வேளைக்கு வெறும் நீரும்தான் கிடைக்கும். ஒரு மணி நேரம் கொதிக்க விட்டால் சென் பியிலும் ஃபாங் ஃபெங்கிலும் உள்ள வாசனை எண்ணெய் போய்விடும். வாயு அடக்கும் வேலையின் பெரும்பகுதி அந்த எண்ணெயுடையது. மருத்துவர் ஏலக்காய்க் குடும்பத்து ஷா ரென் சேர்த்திருந்தால் அதைத் தட்டி, கடைசி ஐந்து நிமிடத்தில் போடுங்கள். வைத்த கஷாயம் ஃபிரிட்ஜில் ஒரு நாள் இருக்கலாம். நம் ஊர் வெக்கையில் வெளியே வைத்து மாலையில் குடிப்பது, பேதிக்காரர் செய்யவே கூடாத காரியம்.

அலுவலகம் போகிறவருக்குக் கஷாயம் சரிப்படாது என்றால் செறிவூட்டிய துகள் மருந்து இருக்கிறது. ஐந்து பங்கு மூலிகை ஒரு பங்கு துகளானது என்றால் மேலே சொன்ன 30 கிராம் நாளுக்கு 6 கிராம் துகளாகும். கம்பெனிக்குக் கம்பெனி விகிதம் மாறும், எனவே கரண்டிக் கணக்கை நம்பாமல் உறையைப் படியுங்கள். ஐபிஎஸ்காரர்கள் அவசியம் பார்க்க வேண்டியது, துகளைக் கட்டி வைத்திருப்பது எது என்பது. சில தயாரிப்புகளில், குறிப்பாக ஜப்பானியத் துகள்கள் பலவற்றில், லாக்டோஸ் இருக்கும். பால் ஒத்துக்கொள்ளாதவருக்கு நாள் மூன்று முறை பால் சர்க்கரையே போகும். தேனில் உருட்டிய பெரிய மாத்திரைகளில் எடையில் பாதி அளவுகூடத் தேன் இருக்கலாம். தேனின் ஃபிரக்டோஸ் பலருக்கு வயிற்றைப் பொரும வைக்கும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடும் முன், மாவுச்சத்தில் கட்டிய துகளுக்கோ கஷாயத்துக்கோ மாறிப் பாருங்கள்.

இதெல்லாம் வேலை செய்கிறதா? சான்று இருக்கிறது, ஆனால் ஒரு சீராக இல்லை. பலரும் மேற்கோள் காட்டும் ஆய்வு 1998-இல் சிட்னியில் ஆலன் பென்சூசன் குழு செய்தது. 116 நோயாளிகள், மூன்று குழு: ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதிய மூலிகை, எல்லாருக்கும் ஒரே 20 மூலிகைக் கூட்டு, போலி மருந்து (ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும், மருந்தே இல்லாத கேப்சூல்). நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு 5 கேப்சூல், 16 வாரம். மூலிகை எடுத்த இரண்டு குழுவிலும் முன்னேற்றம் கண்டவர் விகிதம் போலி மருந்துக் குழுவைவிடத் தெளிவாகவே கூடுதல். மருந்தை நிறுத்தி 14 வாரம் கழித்துக் கேட்டபோது, தனித்தனியாக எழுதிக் கொடுத்த குழுவில் மட்டும் பலன் நின்றிருந்தது. ஆள் பார்த்து எழுதுவதற்கு ஆதரவாக இதைவிட நல்ல சான்று இந்தத் துறையில் அரிது, இருந்தாலும் ஒரு குழுவுக்கு நாற்பது பேர் என்ற அளவில் அதன் மேல் ஏற்றும் எடைக்கு ஓர் எல்லை உண்டு.

மறுபக்கம், 2006-இல் ஹாங்காங்கில் பேதி வகை ஐபிஎஸ் உள்ள 119 பேரிடம் 11 மூலிகைக் கூட்டு ஒன்றை எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். போலி மருந்துக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. அதே ஆண்டு, மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வு 75 ஆய்வுகள், 7957 பேர், 71 வெவ்வேறு மூலிகை மருந்துகள் என்று அலசியது. சில கூட்டுகள் உதவக்கூடும் என்றாலும் பெரும்பாலான ஆய்வுகளின் தரம் குறைவு என்று சொல்லி முடித்தது. தோங் சியே யாவ் ஃபாங்கின் மேல் சீனாவில் ஆய்வுகள் நிறையவே நடந்துள்ளன; பலவற்றில் நோயாளிக்குத் தான் எதைச் சாப்பிடுகிறோம் என்பது தெரியும். ஐபிஎஸ்ஸில் இது பெரிய ஓட்டை. ஏனென்றால் இந்த நோயில் கவனிப்பும் நம்பிக்கையுமே கணிசமான பலன் தரும். 2010-இல் ஹார்வர்டைச் சேர்ந்த டெட் காப்சக் குழு 80 பேரிடம், “இது மருந்தில்லாத மாத்திரை” என்று சொல்லியே கொடுத்தது. மூன்று வாரத்தில் மாத்திரை எடுத்தவர்களில் 59 சதவீதம் பேர் போதுமான நிவாரணம் என்றார்கள், எடுக்காதவர்களில் 35 சதவீதம். இதோடு நோயின் அலையையும் சேர்த்துப் பாருங்கள்: மிக மோசமான வாரத்தில்தான் புது மருத்துவரிடம் போகிறோம், அடுத்த வாரம் எப்படியும் கொஞ்சம் தணியும். அதனால்தான் கெடுவும் குறிப்பேடும் வேண்டும் என்கிறேன்.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்கள் மருத்துவர் வேறு பெயர் சொன்னால் திகைக்காமல் இருக்க. வலி குறைவு, சாப்பிட்டதும் இளகிப் போகும், சோர்வு, வயிறு உப்புசம் என்றால் ஷென் லிங் பாய் ஜு சான். சோங் வம்ச அரசு மருந்தகத் தொகுப்பில் உள்ள கூட்டு. ஜின்செங், பைன் வேரில் வளரும் ஃபூ லிங் காளான், பாய் ஜு ஆகியவற்றோடு வள்ளிக்கிழங்கு வகை ஒன்று, தாமரை விதை, வெள்ளை மொச்சை, சீனப் பார்லி என்று பாதிக்கு மேல் உணவுப் பொருளே. மென்மையானது, மெதுவானது. நாற்றத்தோடு, எரிச்சலோடு, போயும் போகாத உணர்வோடு இருந்தால் ஹுவாங் லியான், ஹுவாங் சின் என்ற கசப்பு வேர்கள் சேர்ந்த கூட்டுகள்; இவை ஒன்றிரண்டு வாரத்துக்கானவை, மாதக்கணக்கில் குடித்தால் பசி போகும். மலச்சிக்கல் வகைக்கு மா சி ரென் வான்: சணல் விதை, தா ஹுவாங், வெள்ளைப் பியோனி, பாதாமி விதை, சி ஷி என்ற கசப்பு ஆரஞ்சுப் பிஞ்சு, ஹோ பூ என்ற மரப்பட்டை என ஆறு. பொதுவான மலச்சிக்கலில் இதற்கு ஹாங்காங்கில் 120 பேரிடம் நடந்த நல்ல ஆய்வு ஒன்று 2011-இல் வந்தது, 7.5 கிராம் நாளுக்கு இரு வேளை, எட்டு வாரம், போலி மருந்தை வென்றது. ஆனால் அதில் உள்ள தா ஹுவாங், நம் நாட்டு மருந்துக் கடையில் இரேவல் சின்னி என்று விற்கும் கிழங்கின் இனம். சென்னா போலவே பெருங்குடலைத் தூண்டிப் போக வைப்பது. பிடித்து இழுக்கும் வயிற்று வலிக்காரருக்கு வலியைக் கூட்டும்.

விடியற்காலைப் பேதி வகையில்தான் எனக்கு அதிகக் கவலை. விடியலுக்கு முன் வயிறு கடுத்து எழுந்து ஓட வேண்டியிருந்தால், கை கால் குளிர்ந்திருந்தால், சிறுநீரக வெப்பம் குறைந்தது என்று சொல்லி சி ஷென் வான் கொடுப்பார்கள். கார்போக அரிசி, ஜாதிக்காய், வூ வெய் சி, வூ ஜு யூ (கடைசி இரண்டும் உலர்ந்த சிறு காய்கள்) என்ற நான்கு, 4 : 2 : 2 : 1 விகிதத்தில். தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதியோ நவீன மருத்துவத்தில் ஐபிஎஸ் இல்லை என்று சந்தேகிக்க வைக்கும் குறி. குடல் அழற்சி, சர்க்கரையால் நரம்பு கெடுவது, பித்த அமிலப் பேதி எல்லாம் இப்படித்தான் வரும். பரிசோதனை முடியாமல் இந்த மாத்திரையை யாரும் தொடங்கக் கூடாது. கார்போக அரிசி கல்லீரலைத் தாக்கிய நேர்வுகள் பதிவாகியிருக்கின்றன; வெயிலில் தோல் கறுக்கவும் செய்யும். வீட்டு ஜாதிக்காயை அரைத்துப் போட்டுக்கொள்ளும் யோசனையும் வேண்டாம். மருந்துக்கு எடுப்பது மாவு அப்பியோ தவிட்டில் புதைத்தோ சுட்டு எண்ணெய் குறைத்த காய். பச்சையாக 5 கிராம் அளவுக்கே படபடப்பும் மனக் குழப்பமும் வந்ததுண்டு.

ஆபத்துகளில் முதலில் வருவது ஆள்மாறாட்டம். வயிற்றுக் கூட்டுகளில் அடிக்கடி சேரும் மு சியாங், நம் கோஷ்டம், பாதுகாப்பானது. ச்சிங் மு சியாங் என்ற பெயரில் உள்ளதோ ஆடுதீண்டாப்பாளை இனத்தின் வேர். அதில் அரிஸ்டோலோகிக் அமிலம் உண்டு, சிறுநீரகத்தை மீள முடியாதபடி கெடுக்கும், சிறுநீர்ப்பாதைப் புற்றுநோயும் தரும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியும் மருந்தில் ஒரு வேருக்குப் பதில் இந்த இனத்து வேர் ஒன்று கலந்து நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் கெட்டது. பெயர்களின் சாயல் ஒத்துப்போனதுதான் அங்கே நடந்தது. சீட்டில் சீன எழுத்தோடு தாவரவியல் பெயரும் வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

அடுத்து அதிமதுரம். சிறிய அளவில் பரவாயில்லை, ஆனால் அது ஏராளமான சீனக் கூட்டுகளில் இருக்கிறது. வயிற்றுக்கு ஒன்று, இருமலுக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று என்று எடுத்தால் கூடிக்கொண்டே போகும். உடலில் பொட்டாசியம் இறங்கும், ரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும், தசை தளரும். பேதியாலும் பொட்டாசியம் போகும் என்பதால் உங்களுக்கு இது இரட்டை அடி. நீர் பிரியும் மாத்திரை, இதயத்துக்கான டிகாக்ஸின் சாப்பிடுகிறவர்கள் அதிமதுரம் இல்லாத கூட்டாகக் கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் எந்த மூலிகையையும் ஐஎன்ஆர் என்ற ரத்த உறைவுச் சோதனை பார்க்காமல் தொடக் கூடாது. ஹுவாங் லியானில் உள்ள பெர்பெரின், எதிர்ப்பு சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றும், சர்க்கரையை இறக்கும். ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணு எளிதில் உடையும் பிறவிக் குறை) உள்ள குழந்தைகளின் மஞ்சள் காமாலை காரணமாக சிங்கப்பூர் 1978-இல் இதைத் தடை செய்து, 2013 முதல்தான் படிப்படியாகத் தளர்த்தியது. இந்தக் குறைபாடு உங்களுக்கோ குழந்தைக்கோ உண்டென்றால் மருத்துவரிடம் முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள். கர்ப்பம், பால் கொடுக்கும் காலம் ஆகியவற்றில் இந்தச் சோதனையே வேண்டாம்.

கூட்டில் ஃபூ சி என்ற பெயர் இருந்தால் நின்று கேளுங்கள். அது நாபி இனத்து வேர். பதப்படுத்தியதைக்கூடத் தனியாக முதலில் அரை மணி முதல் ஒரு மணி வரை கொதிக்க வைத்த பிறகுதான் மற்றவற்றைச் சேர்க்க வேண்டும். உதடும் நாக்கும் மரத்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், அடுத்து இதயத் துடிப்புதான் தடுமாறும். தோங் சியே யாவ் ஃபாங்கில் இதற்கு இடமே இல்லை.

சிங்கப்பூரில் சீன மருத்துவர்கள் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற வேண்டும். பெயரைப் பதிவு வாரியத்தின் தளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். கடையில் விற்கும் டப்பா மருந்து சுகாதார அறிவியல் ஆணையத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். மலேசியாவில் இருப்பவர்கள் டப்பாவில் MAL என்று தொடங்கி T என்று முடியும் பதிவெண்ணையும் ஹோலோகிராம் ஒட்டியையும் பாருங்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இணையத்தில் உறையில்லாப் பொடி வாங்கிச் சோதிக்க வேண்டாம். வெள்ளைப் பியோனி வேருக்கு ஈடாக நாட்டு மருந்துக் கடையில் எதையாவது போட்டுக் கூட்டைச் செய்து பார்ப்பதிலும் பலனில்லை, வலியைப் பிடிக்கும் சரக்கே அதுதான். உடன் வேலை பார்ப்பவர் சொல்லும் பொடி மூன்றே நாளில் ‘அதிசயமாக’ வேலை செய்தது என்றால் சந்தேகியுங்கள். பேதியை மூன்று நாளில் முழுதாக நிறுத்தும் பொடியில் சொல்லாமல் கலந்த ஆங்கில மருந்து இருக்க வாய்ப்புண்டு.

சோதனையை இப்படி நடத்துங்கள். மருந்து தொடங்கும் முன் இரண்டு வாரம் தினமும் மூன்றே விவரம் எழுதுங்கள்: வலி 0 முதல் 10-க்குள் எவ்வளவு, எத்தனை முறை, மலத்தின் பதம் பிரிஸ்டல் அட்டவணையில் (கெட்டியான 1 முதல் நீராகப் போகும் 7 வரை) எத்தனையாவது எண். கல்லீரல், சிறுநீரகம், பொட்டாசியம் ரத்தப் பரிசோதனை ஒருமுறை. பிறகு கூட்டைத் தொடங்கி, மெபெவெரினை 135 மில்லிகிராம் சாப்பாட்டுக்கு 20 நிமிடம் முன் எடுக்கும் பழக்கத்தை அப்படியே தொடருங்கள். இரண்டுக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். உணவு முறையை அதே வாரத்தில் மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். வலி இரண்டு முதல் நான்கு வாரத்தில் இறங்கத் தொடங்க வேண்டும். எத்தனை முறை என்பது அதற்குப் பின்னால்தான் மாறும். நான்காம் வாரம் ரத்தப் பரிசோதனையை மறுபடி எடுங்கள். உடல் அரிப்பு, சிறுநீர் அடர் மஞ்சள், குமட்டலோடு கடும் சோர்வு வந்தால் அன்றே நிறுத்துங்கள். நான்கு வாரத்தில் வலி எண் அசையவே இல்லை என்றால் மருத்துவர் கூட்டை ஒருமுறை மாற்றலாம். எட்டாம் வாரத்தில் முதல் இரண்டு வாரச் சராசரியைவிட வலி மூன்றில் ஒரு பங்காவது குறையவில்லை என்றால் விட்டுவிடுங்கள், “இன்னும் ஆறு மாதம் குடித்தால்தான் வேர் போகும்” என்ற பேச்சுக்குக் காது கொடுக்க வேண்டாம்.

விட்டுவிட்டால் வழியில்லை என்று பொருளில்லை. மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த ஃபோட்மாப் (குடலில் புளித்து வாயு தரும் சர்க்கரைச் சத்துகள்) குறைந்த உணவு முறைக்கும், இரவில் குறைந்த அளவில் எடுக்கும் அமிட்ரிப்டிலின் என்ற பழைய மனச்சோர்வு மருந்துக்கும் மூலிகையைவிட வலுவான ஆய்வு இருக்கிறது. 2023-இல் இங்கிலாந்தில் 463 பேரிடம் 10 முதல் 30 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்த ஆய்வில் அமிட்ரிப்டிலின் போலி மருந்தை வென்றது, மலத்தைச் சற்று இறுக்கும் அதன் குணம் உங்கள் வகைக்கு அனுகூலமும்கூட. குடும்ப மருத்துவரிடமே கேட்கலாம்.

பலன் இருந்தால் எட்டாம் வாரத்துக்குப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று இரண்டு வாரம், பிறகு நிறுத்தம். நிறுத்திய பின்னும் ஒரு மாதம் குறிப்பேட்டை எழுதுங்கள். மறுபடி கூடினால் பழைய சீட்டை வைத்துக் கடையில் வாங்காமல் மருத்துவரிடம் திரும்பப் போங்கள். குறிகள் மாறியிருந்தால் கூட்டும் மாற வேண்டும்.